பிக்கப்பில் வின்ச் மாட்டுவது: தட்டு முதல் கேபிள் வரை

போன நவம்பர் மழையில், சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா போகும் பக்கம், ஒரு செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் என் பிக்கப் அச்சு வரை புதைந்தது. பின்னால் முக்கால் டன் குலை. முன்னால் மாட்டி இரண்டே வாரமான வின்ச், அதாவது மோட்டரால் கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி, பெட்டியில் 9,500 பவுண்டு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கயிற்றை இழுத்துக் கட்டி ரிமோட்டை அழுத்தினேன். கயிறு சுற்றும் உருளை கால் சுற்று சுற்றி முனகியது. அப்புறம் மோட்டருக்குக் கரண்ட்டைத் திறந்து மூடும் சொலினாய்டு பெட்டி மட்டும் 'டக் டக் டக்' என்று அடித்துக்கொண்டது. குடைக்குள் நின்ற மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்), "என்னா தம்பி, பேசுது, ஆனா இழுக்க மாட்டேங்குதே?" என்றார். கடைசியில் தோட்டத்து டிராக்டர்தான் வந்து இழுத்தது.

மறுநாள் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தேன். வின்ச்சில் ஒரு குறையும் இல்லை. எர்த் கேபிளை பாடியில் பெயின்ட்டுக்கு மேலேயே முடுக்கியிருந்தேன். கேபிள் முனையில் மாட்டும் லக்குகளைச் சுத்தியலால் தட்டி நசுக்கியிருந்தேன். கடையில் செம்பு என்று சொல்லி விற்ற கேபிள் உள்ளே வெள்ளையாக இருந்தது. மூன்றும் சேர்ந்து வின்ச்சுக்குப் போகவேண்டிய கரண்ட்டை வழியிலேயே தின்றுவிட்டன. அன்றிலிருந்து வேறு யார் வண்டிக்கு மாட்டினாலும் பாதி நேரத்தை ஒயரிங்குக்குத்தான் ஒதுக்குகிறேன். கீழே எழுதியிருப்பதிலும் அந்தப் பகுதிதான் நீளம்.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு

பொதுவான கணக்கு இது: வண்டியின் முழுப் பாரத்தை, அதாவது வண்டி, ஆள், சரக்கு எல்லாம் சேர்த்து, ஒன்றரையால் பெருக்குங்கள். டபுள் கேப் பிக்கப் சரக்கோடு ஏறக்குறைய 3,000 கிலோ வரும். ஒன்றரை மடங்கு 4,500 கிலோ, அதாவது 10,000 பவுண்டுக்குக் கொஞ்சம் கீழே. கடையில் கிடைப்பவை 9,500, 10,000, 12,000 பவுண்டு அளவுகள். காலி வண்டியில் ஊர் சுற்றுபவருக்கு 9,500 போதும். குலையோ உரமோ ஏற்றுபவர் 12,000 பக்கம் போகலாம். ஆனால் அது கேட்கும் கரண்ட்டும் எடையும் கூட என்பதை மறக்காதீர்கள்.

இந்த எண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு. பெட்டியில் போட்டிருப்பது உருளையின் அடி அடுக்கில், அதாவது ஏறக்குறைய எல்லாக் கயிறும் வெளியே இருக்கும்போது கிடைக்கும் இழுவை. மேல் அடுக்குகளில் கயிறு சுற்றச் சுற்ற உருளை பருத்துக்கொண்டே வரும், இழுவை குறைந்துகொண்டே போகும். நான்காவது அடுக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பக்கத்து மரத்தில் கட்டினால் வேலை சுலபம் என்று நினைக்கிறோம், உண்மையில் தூரத்து மரத்தில் கட்டும்போதுதான் வின்ச்சுக்குப் பலம் அதிகம்.

சேற்றின் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். ராணுவ மீட்பு வேலைகளில் பழகிய விதி ஒன்று இருக்கிறது. சக்கரத்தின் நடுக்குடம் வரை புதைந்தால் சேறு பிடித்து இழுப்பது வண்டியின் எடை அளவு. மட்கார்டு வரை புதைந்தால் இரண்டு மடங்கு. 3 டன் வண்டி மட்கார்டு வரை போனால் 6 டன். 9,500 பவுண்டு என்பது 4.3 டன்தான். அங்கே ஒற்றைக் கயிற்றில் மல்லுக்கட்டாமல் கப்பி போடுங்கள், அல்லது சாங்கோலை எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மண்ணை வெட்டுங்கள். பத்து நிமிடம் மண் வெட்டினால் மோட்டருக்கு ஒரு டன் மிச்சம்.

கம்பியா, கயிறா

கம்பிக் கயிறு விலை குறைவு, மண்ணையும் கல்லையும் தாங்கும். ஆனால் கனம், துருப்பிடிக்கும், இழை அறுந்தால் கையைக் கிழிக்கும், அறுந்து பறந்தால் ஆளையே சாய்க்கும். செயற்கை இழைக் கயிறு தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு லேசு, அறுந்தாலும் கம்பி மாதிரி சாட்டையடி அடிக்காது. அதற்கு எதிரிகள் மூன்று: வெயில், சூடு, இழைக்குள் புகும் மணல். பல வின்ச்களில் பிரேக் உருளைக்குள்ளேயே இருக்கிறது. சரிவில் வண்டியை மோட்டர் மூலமாகவே நெடுநேரம் இறக்கினால் உருளை சூடாகி அடிச்சுற்றுக் கயிறு கருகும்.

செம்மண் நாட்டில் வேலை செய்யும் எனக்குச் செயற்கைக் கயிறுதான் பிடிக்கும். ஆனால் வாரம் ஒருமுறை அவிழ்த்துத் தண்ணீர் வாளியில் அலசப் பொறுமை இல்லாதவர் கம்பியே வாங்கலாம், தப்பில்லை. எதை வாங்கினாலும் கயிறு வெளியே வரும் வாய்ப்பட்டை, அதாவது ஃபேர்லீட், அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்: கம்பிக்கு நான்கு உருளை வைத்த ஃபேர்லீட், செயற்கைக் கயிற்றுக்கு வழவழப்பான அலுமினிய ஃபேர்லீட். கம்பி ஓடித் தேய்ந்த பழைய உருளைகளில் செயற்கைக் கயிற்றை ஓட்டினால் அரம் வைத்து ராவின மாதிரிதான்.

தட்டும் போல்ட்டும்

வின்ச்சை பம்பரில் மாட்டக்கூடாது. வண்டியின் சேஸ் கம்பிகள் இரண்டிலும் உட்காரும் வின்ச் தட்டில்தான் மாட்ட வேண்டும். உங்கள் மாடலுக்கென்றே செய்த தட்டு அல்லது வின்ச் பம்பர் வாங்குங்கள். டவுனில் வெல்டிங் பட்டறைகள் செய்து தரும்தான். நானும் ஒன்று செய்து வாங்கினேன், இரண்டாவது இழுவையில் தட்டு வாழையிலை மாதிரி வளைந்தது. ஏர்பேக் உள்ள வண்டியில் இன்னொரு சங்கதி: முன்னால் இருக்கும் மோதல் சென்சாரை நகர்த்தவோ மறைக்கவோ கூடாது, பம்பர் ஏர்பேக்குக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும். முன்னால் ரேடார், கேமரா வைத்த புது மாடல்களிலும் அப்படியே.

துளை போடுவதற்கு முன் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அலுவலகத்தில் உங்கள் மாடலுக்கு என்ன அனுமதி வேண்டும் என்று நேரிலேயே கேளுங்கள், காப்புறுதிக்காரரிடமும் சொல்லிவிடுங்கள். நம்பர் பிளேட் ஃபேர்லீட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் சோம்பலில் விட்டு, ரோட் பிளாக்கில் அசடு வழிந்தவர்கள் இந்த ஊரில் நிறைய.

8,000 முதல் 12,000 பவுண்டு வரையுள்ள பெரும்பாலான வின்ச்களுக்குக் கால் துளைகள் ஒரே அளவு: 254 மிமீக்கு 114.3 மிமீ. வின்ச்சோடு வரும் போல்ட்டையே போடுங்கள், பொதுவாக 8.8 தரத்தில் 10 மிமீ. ஹாட்வேர் கடையில் கிடைக்கும் தரம் போடாத பளபள போல்ட் வேண்டாம். தட்டு தடிமனாக இருந்தால் போல்ட் குட்டையாகி நாலு மரை மட்டும் பிடிக்கும். குறைந்தது போல்ட்டின் விட்டம் அளவுக்காவது மரை உள்ளே போக வேண்டும். முறுக்கு அளவைக் கையேட்டில் பார்த்து டார்க் ரெஞ்சில் முடுக்குங்கள். நாலு போல்ட்டையும் கையால் பிடித்துவிட்டு, பிறகு குறுக்குக் குறுக்காக.

முடுக்குவதற்கு முன் இரண்டைப் பார்த்துவிடுங்கள். ஒன்று, உருளையை விடுவிக்கும் கிளட்ச் கைப்பிடி கைக்கு எட்டுகிறதா? எட்டாவிட்டால் பல வின்ச்களில் கியர்பெட்டியின் சுற்று போல்ட்களைக் கழற்றி, பெட்டியைத் திருப்பி மாட்டலாம். வின்ச்சை தட்டுக்குள் இறக்கிய பிறகு இது தெரிந்தால் அரை நாள் போச்சு. இரண்டு, கயிறு உருளையின் அடிப்பக்கமாக வெளியே வருகிறதா? பெரும்பாலான வின்ச்களின் பிரேக் ஒரு திசையில்தான் பிடிக்கும். தப்பாகச் சுற்றினால் இழுக்கும், ஆனால் பாரத்தைப் பிடித்து நிற்காது.

வின்ச்சும் பம்பரும் சேர்ந்து மூக்கில் எண்பது கிலோ, சில சமயம் அதற்கு மேலும் ஏறும். முன் ஸ்பிரிங் உட்காரும், ஹெட்லைட்டின் வெளிச்சம் இறங்கும். ஸ்பிரிங்கை மாற்றுங்கள், லைட்டைச் சரி செய்யுங்கள். ரேடியேட்டருக்குப் போகும் காற்றை வின்ச் மறைத்தால் மேட்டில் ஏறும்போது டெம்பரேச்சர் முள்ளைக் கவனியுங்கள்.

பேட்டரிக்கு என்ன வேலை

12 வோல்ட் வின்ச் முழுப் பாரத்தில் ஏறக்குறைய 400 ஆம்பியர் குடிக்கும். சும்மா சுற்றும்போதே 60, 80 ஆம்பியர். உங்கள் ஆல்டர்னேட்டர் தருவது 80 முதல் 130 வரை, அதுவும் எஞ்சின் வேகமாக ஓடும்போது. ஆக வின்ச்சுக்கு உண்மையில் சோறு போடுவது பேட்டரி, ஆல்டர்னேட்டர் பரிமாறுபவர் மாதிரி பக்கத்தில் நிற்கிறது. 400 ஆம்பியர் ஒரு நிமிடம் ஓடினால் ஏறக்குறைய 7 ஆம்பியர் மணி போய்விடும். மூன்று நான்கு நிமிடம் தொடர்ந்து இழுத்தால் 70 ஆம்பியர் மணி பேட்டரியின் முகமே மாறிவிடும். பேட்டரி மூன்று வருடப் பழசு என்றால் முதலில் அதை மாற்றுங்கள். குளிரில் ஸ்டார்ட் செய்யும் ஆம்பியர் என்று பேட்டரி மேல் ஒரு எண் போட்டிருக்கும். 650-க்குக் கீழே வேண்டாம். நம் ஊரில் குளிர் எங்கே என்று கேட்காதீர்கள், ஒரே மூச்சில் எவ்வளவு கரண்ட்டைத் தள்ளும் என்பதற்கு அந்த எண்தான் அளவு.

இரட்டை பேட்டரி வைப்பவர்கள் அடிக்கடி செய்யும் தப்பு ஒன்று. இரண்டாவது பேட்டரியில் வின்ச்சைக் கொடுத்துவிட்டு, அதை 30, 40 ஆம்பியர் சார்ஜரால் நிரப்ப நினைப்பார்கள். இரண்டே இழுவையில் அது காலி, ஆல்டர்னேட்டரும் எஞ்சின் பேட்டரியும் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். சாதாரணத் தோட்ட வேலைக்கு எஞ்சின் பேட்டரியிலிருந்தே கொடுங்கள். இரண்டாவது பேட்டரி மறுபடி ஸ்டார்ட் செய்யக் காப்பாக இருக்கட்டும். 1997-இல் மலேசியாவில் தொடங்கிய ரெயின்ஃபோரஸ்ட் சேலஞ்ச் மாதிரிப் போட்டிகளுக்குப் போகிறவர்கள் இரட்டை மோட்டர், பெரிய ஆல்டர்னேட்டர் என்று போவார்கள். குலை ஏற்றுகிறவருக்கு அந்தச் செலவு தேவையே இல்லை.

கேபிள்

இங்கேதான் நான் தோற்றேன், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் தடிமன். 35 சதுர மிமீ செம்புக் கேபிளின் தடை, மீட்டருக்கு ஏறக்குறைய அரை மில்லி ஓம். முன் வின்ச்சுக்குப் போக 2 மீட்டர், வர 2 மீட்டர், ஆக 4 மீட்டரில் 2 மில்லி ஓம். 400 ஆம்பியரில் 0.8 வோல்ட் வழியில் போகும். பொறுத்துக்கொள்ளலாம். அதே கேபிளைப் பின்பக்க வின்ச்சுக்கு இழுத்தால் போக 5, வர 5, ஆக 10 மீட்டர். 2 வோல்ட் போய்விடும். பாரத்தில் பேட்டரியே 11-க்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்கும்போது இன்னும் 2 போனால் மோட்டர் நகராது, சூடு மட்டும்தான் ஏறும். பின்பக்கத்துக்கு 70 சதுர மிமீ போடுங்கள், நட்டம் பாதியாகும். சேஸையே எர்த்தாகப் பயன்படுத்திப் பாதிக் கேபிளை மிச்சம் பிடிக்கலாம் என்று சொல்வார்கள். நான் மாட்டேன்.

அடுத்தது செம்பா என்பது. வெளியே செம்பு பூசி உள்ளே அலுமினியம் வைத்த கேபிள் சந்தையில் நிறைய இருக்கிறது. தொட்டால் தடிமன், தூக்கினால் லேசு. அதே தடிமனில் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, அதோடு லக்கில் நசுக்கிய இடம் நாளாக நாளாகத் தளரும். கடையிலேயே ஓர் இழையை உருவிக் கத்தி முனையால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல மெல்லிழை வெல்டிங் கேபிள் வளைக்கச் சுலபம். சதுர மிமீ அளவு உறையில் அச்சிட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். எஞ்சின் சூட்டுக்கும் எண்ணெய்க்கும் தாங்குகிற உறையா என்றும் கேளுங்கள்.

இப்போது லக். ஐந்து மில்லி ஓம் தடையுள்ள மோசமான ஒரு லக்கில் 400 ஆம்பியர் ஓடினால் 800 வாட் சூடு. வீட்டில் சோறு வடிக்கும் ரைஸ் குக்கர் அளவு சூடு, கட்டைவிரல் அகல இடத்தில். என் எர்த் லக்கின் பிளாஸ்டிக் உறை உருகி வடிந்திருந்த காரணம் இதுதான்.

சரியான முறை: கேபிளின் அளவு அச்சிட்ட, வெள்ளீயம் பூசிய செம்பு லக். உறையை லக் குழாயின் நீளத்துக்கு மட்டும் சீவுங்கள். கத்தியை ஆழமாக அழுத்தினால் இழைகள் அறும், நாலைந்து அறுந்தாலும் அந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி சீவுங்கள். சுருங்கும் ரப்பர் குழாயை முதலில் கேபிளில் நுழைத்துவிடுங்கள். எத்தனை முறை செய்தாலும் நான் இதை மறந்து, லக்கை நசுக்கிய பிறகு தலையில் அடித்துக்கொள்கிறேன். இழைகளை முறுக்காமல் நேராக லக்குக்குள் அடிவரை தள்ளுங்கள், சோதனைத் துளை இருந்தால் அதில் செம்பு தெரிய வேண்டும். ஹைட்ராலிக் நசுக்கியில் அதே அளவு அறுகோண அச்சை வைத்து, நாக்குப் பக்கமிருந்து இரண்டு இடத்தில் நசுக்குங்கள். பிறகு கேபிளைக் கெட்டியாகப் பிடித்து லக்கை இழுத்துத் திருகிப் பாருங்கள். மயிரிழை அசைந்தாலும் அது வேண்டாம். கடைசியாகப் பசை வைத்த ரப்பர் குழாயைச் சூடு காட்டி இறுக்குங்கள், ஓரத்தில் பசை பிதுங்கி வரும்வரை. ஹைட்ராலிக் நசுக்கி சொந்தமாக இல்லாவிட்டால், லாரி ஒயரிங் செய்யும் பட்டறையில் நாலு லக்கை நசுக்கித் தரச் சொல்லுங்கள். ஒரு தே தாரிக் குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

கேபிள் போகும் வழி: டர்போ, எக்ஸாஸ்ட் குழாய், சுழலும் பெல்ட் எதற்கும் பக்கத்தில் வேண்டாம். இரும்பைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம், முழு நீளத்துக்கும் வரிவரிக் குழாய், முப்பது சென்டிமீட்டருக்கு ஒரு கிளாம்ப். இந்தக் கேபிள் உறை தேய்ந்து சேஸில் பட்டால் பேட்டரியின் முழுப் பலமும் அந்தப் புள்ளியில் இறங்கும். தோட்டத்தில் எலி வேறு.

பாசிட்டிவ் வழியில் பேட்டரியை ஒட்டிக் கட்-ஆஃப் ஸ்விட்ச் கட்டாயம். தொடர்ச்சியாக 200, 300 ஆம்பியரும், கொஞ்ச நேரத்துக்கு 500-க்கு மேலும் தாங்குவதாக வாங்குங்கள். இது ஏன் என்றால், சொலினாய்டின் தொடுமுனைகள் பாரத்தில் ஒட்டிக்கொள்வது உண்டு. அப்போது ரிமோட்டை விட்டாலும் வின்ச் நிற்காது. ஓடிப்போய்த் திருப்பக்கூடிய இடத்தில் ஸ்விட்ச் இருந்தால் பிழைத்தீர்கள். பியூஸ் போடலாமா கூடாதா என்று மெக்கானிக்குகள் ஆளுக்கொன்று சொல்வார்கள். பாதி இழுவையில் பியூஸ் போனால் சரிவில் வண்டி அந்தரத்தில் நிற்கும் என்பது ஒரு பக்கத்து நியாயம். முன்னால் இரண்டு மீட்டர் கேபிளுக்குக் கட்-ஆஃப் மட்டும் போதும், வேலை முடிந்ததும் அணைத்துவிடும் பழக்கம் இருந்தால். பின்பக்கம் வரை ஓடும் கேபிளுக்கு, பேட்டரி அருகே 400 அல்லது 500 ஆம்பியர் பியூஸ் போடாமல் நான் வண்டியை ஒப்படைப்பதில்லை.

நெகட்டிவ் கேபிள் நேராக வின்ச் மோட்டரின் எர்த் முனையிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு. நடுவில் பாடி வேண்டாம். புது மாடல்கள் சிலவற்றில் நெகட்டிவ் முனையில் பேட்டரி சென்சார் ஒன்று ஒட்டியிருக்கும். அந்த வண்டிகளில் எர்த் எங்கே கொடுக்க வேண்டும் என்று வண்டியின் கையேட்டில் ஓர் இடம் குறித்திருப்பார்கள், அங்கேயே கொடுங்கள்.

பெட்டியும் மோட்டரும்

வேலை தொடங்கும்போது பேட்டரியில் முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள், கடைசியில் நெகட்டிவை மாட்டுங்கள். கைமோதிரம், வளையம் எல்லாம் கழற்றி வையுங்கள்.

சொலினாய்டு பெட்டியை வின்ச் மேலேயே மாட்டலாம். ஆற்றைக் கடக்கும் வண்டி என்றால் எஞ்சின் அறைக்குள் உயரத்தில் மாட்டுவது நல்லது. மோட்டரில் மூன்று முனைகள் இருக்கும், அடியில் எர்த் முனை ஒன்று தனியாக. எந்தக் கேபிள் எந்த முனை என்பதைக் கையேட்டுப் படத்தைப் பார்த்து, டேப் ஒட்டி எழுதிவிட்டு மாட்டுங்கள். இங்கே கவனிக்க வேண்டியது: முனையின் அடி நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, மேல் நட்டை இன்னொன்றால் முடுக்க வேண்டும். ஒற்றை ஸ்பேனரில் பலம் காட்டினால் முனை முழுதாகத் திரும்பி, மோட்டருக்கு உள்ளே இருக்கும் சுருளின் இணைப்பை முறுக்கி அறுத்துவிடும். புது மோட்டரை வாங்கிய அன்றே கொல்ல இதைவிடச் சுலபமான வழி இல்லை. முடுக்கிய பிறகு ரப்பர் தொப்பிகளை மறக்காமல் ஏற்றுங்கள்.

ஒயர்லெஸ் ரிமோட் வசதிதான். ஆனால் ஒயர் ரிமோட்டையும் சீட்டுக்கு அடியில் வையுங்கள். ரிமோட்டின் பேட்டரி காலியாகும் நாள் மழை நாளாகத்தான் இருக்கும்.

முதல் ஓட்டமும் மீட்டர் சோதனையும்

கட்-ஆஃப்பைத் திருப்பி, பாரம் இல்லாமல் உள்ளே வெளியே இரண்டு விநாடி. ரிமோட்டில் போட்டிருக்கும் திசையும் உருளையின் திசையும் ஒன்றா பாருங்கள். பிறகு கயிற்றை உருளையில் ஐந்து சுற்று மட்டும் மிஞ்சும்வரை வெளியே எடுங்கள், செயற்கைக் கயிறானால் பத்து சுற்று. இந்தச் சுற்றுகள்தான் கயிற்றைப் பிடித்திருக்கின்றன, முனையில் இருக்கும் சின்ன ஸ்க்ரூ அல்ல. எந்த அவசரத்திலும் அதற்குக் கீழே போகாதீர்கள்.

லேசான மேட்டில் வண்டியை நிறுத்தி, மேலே ஒரு நல்ல மரத்தில் கட்டி, வண்டி தன்னையே மெதுவாக இழுத்துக்கொண்டு ஏறட்டும். உள்ளே ஒருவர் ஸ்டியரிங்கில், பிரேக்கைத் தொட்டும் தொடாமலும். கயிறு பாரத்தோடு, பக்கம் பக்கமாக, நெருக்கமாகச் சுற்றும். தளர்வாகச் சுற்றிய கயிறு, முதல் கடின இழுவையில் கீழ் அடுக்குக்குள் புகுந்து சிக்கிக்கொள்ளும். அதைப் பிரிப்பதற்குள் மாலை ஆகிவிடும்.

அதே இழுவையில் மல்டிமீட்டர் சோதனையையும் முடித்துவிடலாம். போனெட்டைத் தூக்கி வையுங்கள், கயிறு அறுந்தாலும் கண்ணாடிக்குக் கவசம். நீள ஒயர் கோத்த முனைகளில் ஒன்றைப் பேட்டரி பாசிட்டிவ் குமிழிலும், மற்றதைச் சொலினாய்டு பெட்டியின் பாசிட்டிவ் உள்முனையிலும் கவ்வவிட்டு, மீட்டரைப் பக்கவாட்டில் தள்ளி வைத்துக்கொண்டு இழுக்கச் சொல்லுங்கள். திரையில் வருவது அந்த வழியில் தொலையும் வோல்ட். பிறகு நெகட்டிவ் பக்கமும் அதே மாதிரி, பேட்டரி நெகட்டிவிலிருந்து மோட்டர் எர்த் வரை. முன் வின்ச்சில் ஒவ்வொரு பக்கமும் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கூடினால் ஏதோ ஒரு இணைப்பு கள்ளத்தனம் செய்கிறது. இழுவையை நிறுத்தி ஒவ்வொரு லக்காகத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருப்பதுதான் ஆள். என் பழைய ஒயரிங்கில் எர்த் பக்கம் மட்டும் 2.3 வோல்ட் காட்டியது. செம்புக் கேபிளும் சரியான லக்கும் போட்ட பிறகு 0.3.

தோட்டத்தில் இழுக்கும்போது

செம்பனையில் கட்டுவதானால் முதலில் அடியைப் பாருங்கள். தண்டின் அடியில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருந்தால் அது கானோடெர்மா நோய். வெளியே பச்சையாக நிற்கும், உள்ளே அடித்தண்டு அழுகியிருக்கும். அந்த மரத்தில் கட்டினால் வண்டி வராது, மரம்தான் வரும், உங்கள் மேலேயே. செம்பனைக்கு ஆணிவேரும் கிடையாது; நல்ல மரமானாலும் தரையை ஒட்டித் தாழ்வாக, அகலமான பட்டையால் சுற்றுங்கள். எல்லைப் பக்கம் பழைய ரப்பர் மரம் ஒன்று நின்றால் என் கை தானாக அந்தப் பக்கம்தான் போகும். கயிற்றையே மரத்தைச் சுற்றிக் கொக்கியைத் திருப்பி மாட்டுவது கூடாது, கயிறு அந்த மடிப்பில் அறும்.

கப்பி போட்டு இரட்டைக் கயிறாக்கினால் இழுவை ஏறக்குறைய இரண்டு மடங்கு, வேகம் பாதி, அதே பாரத்துக்கு மோட்டர் குடிக்கும் கரண்ட்டும் ஏறக்குறைய பாதி. பேட்டரி சோர்ந்த நாளில் இதுதான் கைகொடுக்கும். ஆனால் கப்பி மாட்டிய மரமும் பட்டையும் இரண்டையும் இணைக்கும் ஷேக்கிளும் (இரும்புக் கொளுவி) அந்த இரட்டைப் பாரத்தைத் தாங்க வேண்டும். 9,500 பவுண்டு வின்ச்சின் ஒற்றை இழுவைக்கே 4.75 டன் முத்திரை குத்திய ஷேக்கிளுக்குக் கீழே வாங்க வேண்டாம், கப்பிப் பக்கத்துக்கு அதைவிடப் பெரியது. கயிற்றின் முனை திரும்பி வந்து மாட்டுவது சேஸில் பிடித்த மீட்புக் கொக்கியில், டிரெய்லர் பந்தில் ஒருபோதும் அல்ல. பந்து முறிந்தால் பீரங்கிக் குண்டு.

கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை 1,500 சுற்று அளவுக்கு ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் நடுவில் ஒரு கனத்த சாக்கோ நனைந்த கோணியோ போடுங்கள். கயிறு இறுகியதும் சுற்றி நிற்பவர்களை, கயிறு இருக்கும் நீளத்துக்கும் அதிகமாக விலக்குங்கள். நம் ஊரில் வண்டி சிக்கினால் உடனே தோட்டத்து லயத்து ஆட்கள் எல்லாரும் கூடிவிடுவார்கள், ஆளுக்கொரு யோசனை. எல்லாரையும் தள்ளி நிறுத்துவதுதான் வின்ச் வேலையில் கஷ்டமான பகுதி. யாரும் கயிற்றைத் தாண்டக்கூடாது, சைகை காட்டுவது ஒரே ஆள்.

இழுப்பது ஒரு நிமிடம், ஓய்வு அதற்குக் குறையாமல். மோட்டர் மேல் கை வைத்து வைத்திருக்க முடியாத சூடு என்றால் இன்னும் நில்லுங்கள். எஞ்சின் ஓடட்டும், பேட்டரி மூச்சு வாங்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கழுவி, நிழலில் உலர்த்தி, பாரத்தோடு மறுபடி சுற்றுங்கள். மாதம் ஒருமுறை வேலை இல்லாவிட்டாலும் ஓட்டிப் பாருங்கள், ஓடாமல் கிடக்கும் சொலினாய்டில் ஈரம் பிடிக்கும். அப்போதே போனெட்டைத் திறந்து கேபிள் முழுக்க விரலை ஓட்டி எலி கடித்திருக்கிறதா பாருங்கள். என் வண்டியில் போன மாதம் கட்-ஆஃப்புக்கு நாலு அங்குலம் முன்னால், உறையைத் தின்று செம்பு பளபளத்துக்கொண்டிருந்தது.